கால் சிரையில் ரத்தக்கட்டி: மாத்திரை போதுமா, குழாய் விட்டு எடுக்க வேண்டுமா?

கேள்வி: என் தங்கைக்கு வயது 34. பள்ளி ஆசிரியை, நாள் முழுக்க நின்றுகொண்டே வேலை. சில மாதங்களாகக் கருத்தடை மாத்திரை சாப்பிட்டு வந்தாள். எட்டு நாளைக்கு முன் இடது தொடையில் வலி வந்தது, மறுநாள் கால் முழுக்க வீங்கிவிட்டது. ஸ்கேனில் இடுப்பிலிருந்து முழங்கால் வரை ஆழ்சிரையில் ரத்தக்கட்டி என்று வந்தது. ஊசி போடுகிறார்கள். வலி கொஞ்சம் குறைந்திருக்கிறது, வீக்கம் குறையவில்லை. ஒரு டாக்டர் மருந்தே போதும் என்கிறார். இன்னொருவர், முழங்காலுக்குப் பின்னால் துளை போட்டுக் குழாய் வழியாகக் கட்டியை எடுத்துவிடலாம், தள்ளிப்போட வேண்டாம் என்கிறார். எங்கள் பெரியப்பாவுக்கும் காலில் இதே கட்டி வந்து மாத்திரையிலேயே சரியாகிவிட்டது. எடுக்கும்போது கட்டி நழுவி நுரையீரலுக்குப் போய்விடாதா? எடுத்த பிறகு மாத்திரையை நிறுத்திவிடலாமா? தங்கைக்கு இரண்டு வயதுக் குழந்தை இருக்கிறது. குழப்பமாக இருக்கிறது.

பதில்: அன்புள்ள வாசகருக்கு, நாள் கணக்கு முக்கியம் என்பதால் உங்களுக்குத் தனியாக உடனே பதில் அனுப்பிவிட்டேன். இதே குழப்பத்தில் இன்னும் பல குடும்பங்கள் இருப்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். அந்த இரண்டு டாக்டர்களும் ஒருவரை ஒருவர் மறுக்கவில்லை, இரண்டு வெவ்வேறு ஆபத்துகளைப் பற்றிப் பேசுகிறார்கள். சிரை என்பது ரத்தத்தை இதயத்துக்குத் திரும்பக் கொண்டுபோகும் குழாய், தசைகளுக்கு நடுவே ஆழத்தில் ஓடுவது ஆழ்சிரை. ஆழ்சிரையில் கட்டி வந்தால் உடனடியாகப் பயப்பட வேண்டியது, அது உடைந்து நுரையீரலுக்குப் போவதைப் பற்றித்தான். அதைத் தடுப்பது ஊசியும் மாத்திரையும்தான், அதில் யாருக்கும் கருத்து வேறுபாடு கிடையாது. உங்கள் தங்கைக்கு அந்தச் சிகிச்சை தொடங்கிவிட்டது, நல்லது. இரண்டாவது டாக்டர் யோசிப்பது அவர் காலைப் பற்றி. இன்னும் இரண்டு வருடம், பத்து வருடம் கழித்து அந்தக் கால் எப்படி இருக்கும் என்பதைப் பற்றி.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாம் பிளட் தின்னர் என்று சொல்லும் ஹெபாரின், எனாக்ஸபாரின் ஊசிகளோ, வார்ஃபரின், ரிவராக்ஸபான், அபிக்ஸபான் மாத்திரைகளோ கட்டியைக் கரைப்பதில்லை. கட்டி மேலும் வளராமலும், புதிதாக உண்டாகாமலும் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். கரைக்கிற வேலையை உடம்பே செய்துகொள்ள வேண்டும். முழங்காலுக்குக் கீழே, ஆடுதசைக்குள் இருக்கும் சின்னச் சிரைகளில் கட்டி என்றால் உடம்பு அதைப் பெரும்பாலும் நன்றாகவே சமாளித்துவிடும். அங்கே ஒரு குழாய் அடைத்தாலும் பக்கத்தில் வேறு குழாய்கள் இருக்கின்றன. உங்கள் பெரியப்பாவின் கட்டி எந்த இடத்தில் இருந்தது என்று பழைய ரிப்போர்ட்டை எடுத்துப் பாருங்கள். முழங்காலுக்குக் கீழே என்று இருந்தால், அவருக்கு நடந்ததை வைத்து உங்கள் தங்கைக்கு முடிவு எடுக்க முடியாது.

தொடை மடிப்பிலும் அதற்கு மேலே இடுப்பிலும் கதை வேறு. காலின் மொத்த ரத்தமும் இதயத்துக்குத் திரும்பும் ஒரே பெரிய வழி அது. அங்கே அடைத்தால் சுற்றுவழியில் சின்னச் சிரைகள் பெருத்துக் கொஞ்சம் ரத்தத்தைக் கொண்டுபோகும், ஆனால் போதாது. மாதக்கணக்கில் மருந்து சாப்பிட்ட பிறகும் இடுப்புச் சிரை முழுதாகத் திறக்காமல் தழும்பாகிச் சுருங்கிவிடுவது நிறையப் பேருக்கு நடக்கிறது. கட்டி இருந்த இடத்தில், ரத்தம் கீழே திரும்பாமல் தடுக்கும் வால்வுகளும் கெட்டுப்போகும். விளைவு, நிற்கும்போதெல்லாம் ரத்தம் காலில் தேங்கி அழுத்தம் கூடும்.

அந்தக் கால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலையில் எழும்போது ஓரளவு சரியாக இருக்கும். மதியத்துக்குள் கனக்க ஆரம்பிக்கும். மாலையில் செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாகத் தெரியும். வேகமாக நடந்தால் தொடை வெடித்துவிடும்போல இறுகும், உட்கார்ந்து காலைத் தூக்கி வைத்தால்தான் விடும். வருடம் போகப் போக உள் கணுக்காலுக்கு மேலே தோல் கறுக்கும், அரிக்கும், தடித்து இறுகும். சிலருக்கு அதே இடத்தில் புண் வந்து மாதக்கணக்கில் ஆறாது. தொடை, இடுப்புப் பக்கம் கட்டி வந்தவர்களில் 20 முதல் 50 சதவீதம் பேருக்கு, ஒழுங்காக மருந்து சாப்பிட்டும், லேசாகவோ கடுமையாகவோ இந்தத் தொந்தரவு வருகிறது. உயிருக்கு ஆபத்தில்லை என்பதால் இதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஆனால் நாள் முழுக்க நிற்கிற ஒருவரின் வாழ்க்கையை இது நிறையவே மாற்றிவிடும். எனக்கு இதில் மிகுந்த அக்கறை உண்டு, ஏனென்றால் தழும்பாகிப்போன சிரையைப் பிறகு சரிசெய்வது, ஆரம்பத்தில் கட்டியை எடுப்பதைவிட எவ்வளவோ கடினம்.

கட்டியைச் சீக்கிரம் எடுத்துவிட்டால் இதைத் தவிர்க்கலாம் என்பது கேட்க எளிதாக இருக்கிறது. ஆய்வுகள் அவ்வளவு எளிதாகச் சொல்லவில்லை, அதையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். நார்வேயில் 209 பேரை வைத்து நடந்த கேவென்ட் ஆய்வு 2012-ல் வந்தது. கட்டியையே கரைக்கக்கூடிய கரைப்பு மருந்தைக் குழாய் வழியாகச் செலுத்தியவர்களில் இரண்டு வருடம் கழித்து 41 சதவீதம் பேருக்குக் கால் தொந்தரவு இருந்தது, பிளட் தின்னர் மட்டும் எடுத்தவர்களில் 56 சதவீதம் பேருக்கு. அடுத்து அமெரிக்காவில் 692 பேரோடு நடந்த அட்ராக்ட் ஆய்வு 2017 டிசம்பரில் வெளியானது. அதில் கட்டியை எடுத்தவர்களில் 47 சதவீதம், மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 48 சதவீதம் என்று, வித்தியாசமே இல்லை. முதல் பத்து நாளில் பெரிய ரத்தக்கசிவு மட்டும் 0.3 சதவீதத்திலிருந்து 1.7 சதவீதமாகக் கூடியது. அப்புறம் பல டாக்டர்கள் இந்தச் சிகிச்சையையே கைவிடலாம் என்று நினைத்தார்கள். 'மருந்தே போதும்' என்று சொன்ன டாக்டர் இந்த எண்களை மனதில் வைத்துத்தான் சொல்லியிருப்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் அதே அட்ராக்ட் ஆய்வில், கட்டி தொடை மடிப்பு அல்லது இடுப்பு வரை போனவர்களைத் தனியாகப் பிரித்துப் பார்த்தபோது வேறு படம் தெரிந்தது. தொந்தரவு வந்தவர்களின் மொத்த எண்ணிக்கை அங்கேயும் ஏறக்குறைய சமம்தான். ஆனால் நடுத்தரம் முதல் கடுமையான தொந்தரவு, மருந்து மட்டும் சாப்பிட்டவர்களில் 28 சதவீதம் பேருக்கும், கட்டியை எடுத்தவர்களில் 18 சதவீதம் பேருக்கும் வந்தது. முதல் மாதத்தில் வலியும் வீக்கமும் அவர்களுக்குச் சீக்கிரம் குறைந்தன. கட்டி தொடையின் நடுப்பகுதியோடு நின்றவர்களுக்கு எந்த லாபமும் இல்லை. ஆக, இந்தச் சிகிச்சையில் முதலில் பார்க்க வேண்டியது இடத்தை. ஆழ்சிரைக் கட்டி எல்லாவற்றையும் டி.வி.டி. (DVT) என்று ஒரே பெயரில் சொன்னாலும், கட்டி முழங்காலோடு நிற்பதும் இடுப்புக்கு ஏறுவதும் ஒன்றில்லை. உங்கள் தங்கையுடையது இடுப்பு வரை போயிருக்கிறது.

இரண்டாவது, நாள். புதிதாக நட்ட செடியைப் பிடுங்கினால் மண்ணோடு வந்துவிடும், வேர் பிடித்த பிறகு வராது. கட்டியும் அப்படித்தான். முதல் சில நாட்களில் கொழகொழவென்று, குழாய்ச் சுவரில் அதிகம் ஒட்டாமல் இருக்கும். இரண்டு வாரம் போல ஆனதும் அதற்குள் நார்த்திசு வளர்ந்து சுவரோடு இறுகிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் 14 நாட்களுக்குள் என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். இப்போது வந்திருக்கும் சில கருவிகளால் அதற்கு மேல் சில வாரம் ஆன கட்டியையும் எடுக்க முடிகிறது, ஆனாலும் தாமதிக்கத் தாமதிக்கப் பலன் குறையும். கணக்கைத் தொடங்க வேண்டியது ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து அல்ல, வலியோ வீக்கமோ முதலில் தெரிந்த நாளிலிருந்து. இடுப்பிலோ முதுகிலோ காரணம் தெரியாத வலி அதற்கும் முன்பே இருந்ததா என்று தங்கையிடம் கேளுங்கள்.

இப்போது செய்முறை. பலர் இதை ஆபரேஷன் என்று நினைத்துப் பயப்படுகிறார்கள். கத்தி வைத்துக் கிழிப்பது இதில் கிடையாது. ஆஞ்சியோ செய்யும் அறையில்தான் நடக்கும். பெரும்பாலும் குப்புறப் படுக்க வைத்து, தூக்கம் வரும் அளவுக்கு லேசாக மயக்க மருந்து கொடுத்து, முழங்காலின் பின்பக்கத்தை மரத்துப்போகச் செய்வார்கள். ஸ்கேனில் பார்த்துக்கொண்டே அங்கிருக்கும் சிரையில் ஊசி போட்டு, அதன் வழியாக மெல்லிய கம்பி ஒன்றை ஏற்றுவார்கள். கம்பி கட்டியின் ஊடாக இடுப்பைத் தாண்டி வயிற்றுக்குள் இருக்கும் பெருஞ்சிரை வரை போகும். எக்ஸ்ரேயில் தெரியும் சாயத்தைச் செலுத்தினால், எங்கெல்லாம் அடைத்திருக்கிறது என்று திரையில் பார்க்கலாம். ரத்தம் ஓடும் இடம் கறுப்பாகத் தெரியும், கட்டி இருக்கும் இடம் வெறுமையாக இருக்கும்.

பிறகு கட்டியை எடுப்பதற்குச் சில வழிகள் உண்டு. உறிஞ்சி எடுக்கும் கதீட்டர், அதாவது மெல்லிய குழாய், ஒரு வகை. உப்பு நீரை வேகமாகப் பீய்ச்சிக் கட்டியை நொறுக்கி உறிஞ்சுவது இன்னொரு வகை. மூன்றாவது வகையில், கட்டிக்கு மேலே கொண்டுபோய் விரிக்கும் உலோகச் சட்டமும் வலைப்பையும் இருக்கும். கீழே இழுக்கும்போது சட்டம் கட்டியைச் சுவரிலிருந்து சுரண்டிக் கழற்றும், கழன்றது வலைக்குள் விழும். வெளியே எடுத்துத் துணியில் பரப்பினால் விரல் நீளத்துக்குத் துண்டு துண்டாக இருக்கும். கருஞ்சிவப்பாக இருப்பது புதுசு, சாம்பல் வெள்ளையாக நார் நாராக வருவது பழசு. மூன்று நாள்தான் ஆகிறது என்று சொன்னவரின் கட்டியிலும் அந்த வெள்ளை நார் வரும். அப்போது தெரியும், அவருக்கு எப்போதோ ஆரம்பித்திருக்கிறது என்று.

எடுத்து முடித்ததும் மறுபடி சாயம் விட்டுப் பார்ப்பார்கள். உங்கள் தங்கைக்கு இந்த இடம் முக்கியம், ஏனென்றால் கட்டி இடது காலில். இடது இடுப்புச் சிரைக்கு மேலே வலது இடுப்புத் தமனி (இதயத்திலிருந்து ரத்தம் கொண்டுவரும் குழாய்) குறுக்கே போகிறது. சிலருக்கு அந்தத் தமனி சிரையை முதுகெலும்போடு சேர்த்து அழுத்திக்கொண்டே இருக்கும். மே, தர்னர் என்ற இருவர் 1957-ல் இதை விரிவாக எழுதியதால் அவர்கள் பெயரிலேயே சொல்கிறோம். இளம் பெண்களுக்கு இடது காலில் பெரிய கட்டி வந்தால் இதைத் தேடாமல் விடக் கூடாது. ஏற்கெனவே நெருங்கிப்போன இடத்தில், கருத்தடை மாத்திரையின் ஹார்மோன் ரத்தம் உறையும் தன்மையைக் கூட்டியிருக்கும். இரண்டும் சேர்ந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கிறது. சிரைக்குள்ளேயே விடும் நுண் ஸ்கேன் கருவியால் பார்த்தால் அழுத்தம் துல்லியமாகத் தெரியும். இருந்தால் அங்கே ஸ்டென்ட் வைக்க வேண்டிவரும். இதயத்துக்கு வைப்பது போல மூன்று நான்கு மில்லிமீட்டர் அல்ல, பெரும்பாலும் 14 முதல் 16 மில்லிமீட்டர் அகலம். அழுத்தம் இருந்தும் ஸ்டென்ட் வைக்காமல் கட்டியை மட்டும் எடுத்துவிட்டு வந்தால் திரும்ப அடைத்துக்கொள்ளும். அதே சமயம் சிரை நன்றாகத் திறந்திருந்தால் ஸ்டென்ட் தேவையே இல்லை. இந்த வயதில் தேவையில்லாத ஒரு உலோகக் குழாயை வாழ்நாள் முழுக்கச் சுமக்கக் கூடாது. 'எதைப் பார்த்து ஸ்டென்ட் வைக்க முடிவு செய்வீர்கள்?' என்று முன்கூட்டியே கேளுங்கள்.

கட்டி நழுவிப் போகாதா என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம். சின்னத் துகள்கள் போவது உண்டு. ஹெபாரின் கொடுத்துக்கொண்டேதான் செய்வார்கள், கழன்றதை அந்த இடத்திலேயே உறிஞ்சியோ வலையில் பிடித்தோ எடுப்பார்கள். பெரிதாக மூச்சுத்திணறல் வரும் அளவுக்குப் போவது அரிது. வயிற்றுச் சிரையில் குடை போன்ற ஃபில்டர் வைக்கலாமே என்று சிலர் சொல்வார்கள். எல்லோருக்கும் வைப்பது வழக்கமில்லை, வைத்து எடுக்க மறந்தால் அதுவே பின்னால் அடைப்புக்குக் காரணமாகும்.

நான் அதைவிட அதிகம் கேட்கச் சொல்வது கரைப்பு மருந்தைப் பற்றி. முன்பெல்லாம் கட்டிக்குள் கதீட்டரை வைத்து, ஒரு நாள் இரண்டு நாள் கரைப்பு மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவார்கள், நோயாளி தீவிர சிகிச்சைப் பிரிவில் இருப்பார். நான் மேலே சொன்ன இரண்டு ஆய்வுகளிலும் அந்த மருந்து இருந்தது, ரத்தக்கசிவு கூடியதற்கு அதுதான் முக்கியக் காரணம். மூளையில் கசிந்தால் உயிருக்கே ஆபத்து. இப்போதைய இயந்திர முறைகளில் பலருக்கு அந்த மருந்தே தேவைப்படுவதில்லை, ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஒரே அமர்வில் முடிந்துவிடும். சமீபத்தில் ஆபரேஷன், பிரசவம், பக்கவாதம், வயிற்றுப்புண் ரத்தக்கசிவு எல்லாம் இருந்தவர்களுக்கு இது பெரிய நன்மை. இயந்திர முறைக்கும் தன் பங்கு ஆபத்துகள் உண்டு. துளையிட்ட இடத்தில் ரத்தம் கட்டலாம், சிரைச் சுவரும் வால்வும் காயப்படலாம், சாயத்தால் சிறுநீரகம் பாதிக்கலாம். நீர் பீய்ச்சும் கருவியில் ரத்த அணுக்கள் உடைந்து ஓரிரு நாள் சிறுநீர் சிவப்பாகப் போகும், அதுவும் சிறுநீரகத்துக்குச் சுமை. சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் அளவு ரத்தத்தில் சரியாக இருக்கிறதா என்று முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

பிளட் தின்னர் மாத்திரையை நிறுத்தலாமா? கூடாது. இதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும். எடுத்த மறுநாள் வீக்கம் குறைந்து கால் லேசானதும் 'அதான் கட்டியை எடுத்தாச்சே' என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். சிரையின் உட்சுவர் அப்போதுதான் புண்ணாக இருக்கும், ஸ்டென்ட்டும் புதிதாக இருக்கும். அந்த நேரத்தில் மருந்து இல்லையென்றால் சில நாளிலேயே முழுக்க அடைத்துக்கொள்ளும், இரண்டாவது முறை எடுப்பது கடினம். குறைந்தது மூன்று மாதம். அதற்கு மேல் எவ்வளவு நாள் என்பது கட்டி வந்த காரணத்தையும் ஸ்டென்ட்டையும் பொறுத்து டாக்டர் சொல்வார்.

கருத்தடை மாத்திரையைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் இந்த வாரமே பேசச் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரை இனி அவருக்கு நீண்டகால வழியல்ல. ஆனால் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்தவும் வேண்டாம். பிளட் தின்னர் சாப்பிடும்போது மாதவிடாய் ரத்தப்போக்கு அதிகமாகலாம், இந்த மருந்துகளில் பல கர்ப்பத்துக்குப் பாதுகாப்பானவையும் அல்ல. மாற்று வழி ஒன்றை முடிவு செய்த பிறகு மாற்றுங்கள்.

ஆக, என் கருத்து. நேரில் பார்க்காமல் செய்யுங்கள், செய்யாதீர்கள் என்று நான் உத்தரவு போட முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், வயது குறைவு, கட்டி இடுப்பு வரை, எட்டு நாள், மருந்து தொடங்கியும் வீக்கம் குறையவில்லை, நின்று செய்யும் வேலை. ரத்தக்கசிவு ஆபத்து எதுவும் இல்லையென்றால், இரண்டாவது டாக்டரின் யோசனையின் பக்கம்தான் நான் சாய்கிறேன். இதே கட்டி 80 வயதுப் படுக்கை நோயாளிக்கு வந்திருந்தாலோ, முழங்காலோடு நின்றிருந்தாலோ, இரண்டு மாதம் ஆகியிருந்தாலோ மருந்தோடு நிறுத்தச் சொல்லியிருப்பேன். முடிவுக்கு முன் அந்த டாக்டரிடம் கட்டியின் மேல்முனை எங்கே இருக்கிறது, எந்தக் கருவி, கரைப்பு மருந்து வேண்டுமா, இந்தச் சிகிச்சையை அவர் அடிக்கடி செய்கிறாரா என்று கேளுங்கள். கோபப்படாமல் பதில் சொல்வார். கைச்சிரையில் கட்டி வந்தவர்களும் இதைப் படித்தால் ஒரு வார்த்தை: உடற்பயிற்சி செய்யும் இளைஞர்களுக்குத் தோள்பட்டைக்கு அருகே முதல் விலா எலும்பு சிரையை நெரிப்பதால் இது வருவதுண்டு. கட்டியை எடுப்பதோடு அந்த எலும்பையும் பார்க்க வேண்டும்.

ஒரு நிலைமையில் மட்டும் யோசிக்க நேரம் கிடையாது. கால் நீலமாகி, தாங்க முடியாத வலியோடு, விரல்கள் மரத்துக் குளிர்ந்துபோனால் தமனி ரத்தமே உள்ளே போக முடியாத அளவுக்கு அழுத்தம் ஏறிவிட்டது என்று அர்த்தம். காலே போய்விடும், அன்றைக்கே எடுத்தாக வேண்டும். திடீர் மூச்சுத்திணறல், மூச்சை இழுத்தால் நெஞ்சுவலி, இருமலில் ரத்தம், மயக்கம் வந்தாலும் ராத்திரி என்று பார்க்காமல் அவசர சிகிச்சைக்குப் போங்கள்.

படுத்தே இருக்க வேண்டுமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வீட்டில் யாராவது தங்கையைக் கட்டிலோடு கட்டிப் போட்டிருப்பார்கள். தேவையில்லை. மருந்து ஆரம்பித்துவிட்டால் வலி அனுமதிக்கும் அளவுக்கு நடக்கலாம், உட்காரும்போது காலை உயர்த்தி வைத்துக்கொள்ளலாம். இறுக்கக் காலுறை வீக்கத்தையும் கனத்தையும் குறைக்கும், பின்னால் வரும் தொந்தரவைத் தடுக்கும் என்று சொல்வதற்கு மட்டும் நல்ல ஆதாரம் இல்லை. அணிந்தால் இதமாக இருக்கிறதென்றால் அணியட்டும். கட்டியை எடுத்தால் பெரும்பாலும் மறுநாளே நடக்கலாம். துளையிட்ட இடம் ஆறும்வரை ஒரு வாரம் போலக் குழந்தையை உட்கார்ந்தபடி மடியில் வாங்கிக்கொள்ளட்டும், அதற்கு மேல் தூக்குவதில் தடையில்லை. பள்ளிக்கு எப்போது போகலாம் என்பதை, சில வாரம் கழித்து எடுக்கும், ரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் ஸ்கேனில் சிரை திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.